காற்றஞ்சி

நூற்பாலையின் மூன்றாவது கூடத்தில், காலை பத்து மணி வாக்கில், நாகஜோதி அழ ஆரம்பித்தாள். அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அடுத்த இயந்திரத்தில் நின்ற பாண்டிமீனா, அவள் கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது என்று நினைத்து ஊதிவிட வந்தாள். கண்ணில் ஒன்றும் இல்லை. பாண்டிமீனா மற்றவர்களைக் கூப்பிட்டாள். ஆறேழு பெண்கள் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்கள் யாரும் இரக்கமற்றவர்கள் இல்லை. அந்த ஆலையில் ஒரு பெண் அழுது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதனால் பார்த்தார்கள்.

“எங்க வலிக்குது?” என்று கேட்டாள் பாண்டிமீனா.

“எங்கயும் வலிக்கல.”

“பெறகு?”

“எங்கண்ணன் செத்துப்போச்சு.”

பாண்டிமீனாவுக்கு அது தெரியும். இருவரும் ஒரே அறையில் இருப்பவர்கள். அண்ணன் வேல்பாண்டி இறந்து இருபது மாதம் ஆகிறது என்பதும் தெரியும். அதைத்தான் பாண்டிமீனா சொன்னாள்.

“ஆமா,” என்றாள் நாகஜோதி. “இப்பத்தான் தெரியுது.”

வேல்பாண்டி ஒரு கல்யாணத்துக்குப் பிளெக்ஸ் கட்டப் போனவன். பலகையின் இரும்புச் சட்டம் மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது. வயது இருபத்திரண்டு. அப்பா ஏற்கெனவே இல்லை. அம்மா பஞ்சவர்ணம் அன்றைக்குச் சோற்றை நிறுத்தினாள். பதினொன்றாம் வகுப்பில் இருந்த நாகஜோதி நான்கு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, ஆண்டிப்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருந்த இந்த ஆலைக்கு வந்தாள்.

புதிதாக வந்த பெண்கள் எல்லோரும் விடுதியில் அழுவார்கள். வார்டன் அதைத் தேட்டம் என்று சொல்லுவாள். பிள்ளைக்கு வீட்டைத் தேடுது, ரெண்டு மாசத்துல சரியாயிரும் என்பாள். ஆனால் பத்துப் பேரில் நான்கு பேர் சரியாவதற்குள் ஊருக்குப் போய்விடுவார்கள். நிர்வாகம் டிவி வைத்தது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போட்டது. ஒருமுறை எல்லோரையும் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனது. அங்கே ஏரிக்கரையிலும் நின்று அழுதார்கள்.

அதன் பிறகுதான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தோடு பேசி அந்த மாத்திரை வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று, ஆறு வாரம். விடுதிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதற்காக என்று கையெழுத்து வாங்கிய தாளில் எழுதியிருந்தது. அது பொய்யும் இல்லை. எல்லோருக்கும் நன்றாகப் பசித்தது. அதோடு அழுகையும் நின்றது. யாரும் எதையும் மறந்துவிடவில்லை. அம்மாவின் முகம், வீட்டு எண், தம்பியின் பிறந்த நாள் எல்லாம் நினைவில் இருந்தன. அவற்றை நினைக்கும்போது உள்ளே எதுவும் இழுக்கவில்லை, அவ்வளவுதான். ஊருக்கு ஓடுவது நின்றது. உற்பத்தி ஏறியது. பெண்கள் சதை பிடித்தார்கள். தாங்கள் முன்பு அழுததைச் சொல்லிச் சொல்லி அவர்களே சிரித்துக்கொண்டார்கள்.

நாகஜோதிக்கு நடந்தது ஒரு சின்னப் பிசகு. முந்தின வாரம் அவளுக்கு வயிற்றால் போனது. வயிற்றுக் கோளாறு என்றால் ஆலைக் கிளினிக்குக்குத்தான் வர வேண்டும், வெளியில் மாத்திரை வாங்கக் கூடாது என்று சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. கிளினிக்கில் கூட்டமாக இருந்தது. அவள் ஆலை வாசல் கதவுக்கு எதிரே இருந்த மெடிக்கலில் போய், வயித்தால போகுதுண்ணே, ஒரு செட் குடுங்க என்றாள். அவர் மூன்று அட்டைகளிலிருந்து வெட்டி, ஐந்து நாளைக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். விதியை மீறுகிறோம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு செட் வாங்கிப் போடுவதை மருந்து சாப்பிடுவதாக அவர்கள் ஊரில் யாரும் கணக்கில் வைத்ததில்லை. தலைவலிக்கு டீ குடிப்பதுபோல அது ஒரு காரியம். அந்தக் காகிதத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு மாத்திரை இருந்தது.

அழுத அன்று மதியம் அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். எடுத்ததும் பஞ்சவர்ணம் சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றதும், சரி, வச்சிரவா என்றாள். குரலில் கோபம் இல்லை, அலுப்பும் இல்லை. கடைசியாக எப்போது பேசினோம் என்று நாகஜோதி போனில் தேடிப் பார்த்தாள். பொங்கல் முடிந்து திரும்பிய அன்று, பஸ் ஏறிவிட்டேன் என்று சொன்னது. அதற்குப் பிறகு நான்கு மாதம் இவளும் கூப்பிடவில்லை, அம்மாவும் கூப்பிடவில்லை. இவள் கூப்பிடாததற்குக் காரணம் இருந்தது. அம்மாவுக்கு அந்த மாத்திரையை யாரும் கொடுக்கவில்லை.

புதன்கிழமை அவள் கிளினிக்குக்குப் போனாள். ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் மிருதுளா புதன்கிழமைதான் வருவார். நாற்பது வயது இருக்கும், அவசரப்படாமல் பேசுகிறவர். நாகஜோதி செட் வாங்கியதையும் அழுததையும் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. மஞ்சள் மாத்திரையா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

“நம்ம குடல்ல காத்து கிடையாதும்மா. அங்க மட்டுமே உயிரோட இருக்கிற கிருமி சிலது உண்டு. காத்து பட்டா செத்துரும். அதனால நாங்க இதுக்குக் காற்றஞ்சின்னு பேர் வச்சோம். வெள்ளிக்கிழமை குடுத்த கேப்ஸ்யூல்ல இருந்தது அதுதான். கெட்டது இல்ல. நீ சாப்பிட்டதுல மிச்சத்தைத் தின்னுட்டு பதிலுக்கு ஒரு சத்தைச் சுரக்கும். வயித்துலருந்து மூளைக்குப் போற நரம்பை அது கொஞ்சம் அமத்தி வைக்கும். வயிறு எரியுது, வயித்தைப் பிசையுதுன்னு நம்ம ஜனங்க சும்மா சொல்லல. தேட்டம் அங்கதான் கிளம்புது.”

“அந்த மஞ்ச மாத்திரை அதைக் கொன்னுருச்சா?”

“ஆமா. இன்னொரு கேப்ஸ்யூல் போட்டா பத்துப் பன்னெண்டு நாள்ல பழையபடி ஆயிரும்.”

டாக்டர் இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். நாகஜோதி அதை எடுக்கவில்லை.

“அது ஒருத்தர்கிட்டருந்து இன்னொருத்தருக்குப் போகுமா டாக்டர்?”

“காத்து பட்டா செத்துரும்னு சொன்னேனே.” டாக்டர் இழுப்பறையை மூடினார். “சில நேரம் ஓடு கட்டிக்கும். விதை மாதிரி. ஓட்டுக்குள்ள இருந்தா காத்து ஒண்ணும் பண்ணாது. ஆனா சோப்புப் போட்டுக் கை கழுவி, அவங்கவங்க தட்டுல சாப்பிட்டா அதுவும் போகாது. ஏன் கேக்குற?”

நாகஜோதி பொங்கல் விடுமுறையைச் சொன்னாள். அவர்கள் பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் தன் கையால் சோறு அள்ளிச் சாப்பிட மாட்டாள். உறவுக்காரிகள் யாராவது பிசைந்து வாயில் ஊட்ட வேண்டும். முதல் மாதம் எல்லோரும் வந்து ஊட்டுவார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பஞ்சவர்ணம் அதன்பின் எலும்பாக இருந்தாள். பொங்கலுக்குப் போன ஆறு நாளும் நாகஜோதிதான் மூன்று வேளையும் ஊட்டினாள். அம்மா துப்பினாலும், கையைத் தட்டிவிட்டாலும், அவளுக்கு அப்போது கோபமோ அழுகையோ வரவில்லை. திரும்பத் திரும்ப உருட்டி வைத்தாள். அவ்வளவு பொறுமையான பிள்ளையை ஊரில் யாரும் பார்த்ததில்லை என்றார்கள்.

“அம்மா இப்ப எப்படி இருக்காங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“நல்லா இருக்காங்க. அதான் டாக்டர்.”

டாக்டர் எதையோ எழுதினார், பிறகு அடித்தார். இழந்த பிள்ளைக்காக ஒருத்தி சாப்பிடாமல் கிடந்து, இப்போது சாப்பிடுகிறாள் என்றால் அதில் என்ன கெடுதல் என்று தன்மையாகத்தான் கேட்டார். பிறகு, அம்மாவுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று நீ முடிவு செய்ய முடியாது என்றார்.

“நீங்க செஞ்சீங்களே டாக்டர்,” என்றாள் நாகஜோதி. அவள் யாரிடமும் எதிர்த்துப் பேசி அறியாதவள். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள்.

டாக்டர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். ஒரு பஞ்சு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை பார்த்தார்.

நாகஜோதி விடுப்பு எழுதிக் கொடுத்தாள். வாசலுக்கு எதிரே இருந்த மெடிக்கலில் மஞ்சள் மாத்திரை இரண்டு அட்டை வாங்கினாள். பஸ்ஸில் வழி நெடுக அழுதாள். முதலில் அண்ணனுக்காக அழுதாள். வத்தலக்குண்டு தாண்டியதும் அம்மாவுக்காக. அம்மா உயிரோடு இருக்கிறாள், நன்றாகவும் இருக்கிறாள். ஆனால் இந்த உலகத்தில் தன்னைத் தேடுவதற்கு இருந்த ஒரே ஆள் தேடவில்லை. அந்தத் தேட்டம் தனக்குத் திரும்ப வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று அவளுக்கு இருந்தது.

வீட்டில் பஞ்சவர்ணம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வா என்றாள். லீவா என்று கேட்டாள். இன்னும் இரண்டு காயை எடுத்துச் சேர்த்து நறுக்கினாள். தலை வாரியிருந்தது. கன்னத்தில் சதை இருந்தது. சுவரில் வேல்பாண்டியின் படம் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் கடிகாரமும் அதே அளவு பளிச்சென்று இருந்தது. இரண்டையும் ஒரே துணியால் துடைத்திருக்கிறாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ராக்கம்மா அத்தை வந்தாள். பொங்கலுக்கு நீ வந்து போனதிலிருந்து உன் ஆத்தா ஆளே மாறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டாள். நூறு நாள் வேலைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நிற்கிறாளாம். கொழுந்தியாள் வீட்டு விசேஷத்தில் கும்மியடித்தாளாம். பஞ்சவர்ணம் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து அத்தை குரலைத் தணித்தாள்.

“உங்கிட்டச் சொல்லல. வாண்டாம்னு இருந்தோம். தையிக்கு முந்தி ரெண்டு தரம் தண்டவாளத்துலருந்து இழுத்துட்டு வந்தோம்டி ஒங்காத்தாள. ரெண்டாந்தரம் ரயிலு கண்ணுக்குத் தெரியுது. எங்கையக் கடிச்சு வச்சிட்டா. பாரு.”

மணிக்கட்டில் தழும்பு இருந்தது.

பையிலிருந்த இரண்டு அட்டைகளையும் நாகஜோதி அன்று வெளியில் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. எடுத்தால் அம்மா தன்னைத் தேடுவாள், தண்டவாளத்தையும் தேடுவாள். ஒன்று மட்டும் வரும்படி கொடுப்பதற்கு அதில் வழியில்லை. அம்மா சோறாக்கிப் போட்டாள், இவள் சாப்பிட்டாள். அம்மா வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்து அழுதாள். ஒரு வாரம் இப்படிப் போனது. அடுத்த வாரம் அழுகை குறைந்தது. பிறகு ஒருநாள் அழ வேண்டும் என்ற நினைவே இல்லாமல் மதியம்வரை தூங்கினாள். வீட்டுக்கு வந்துவிட்டதால் மனசு ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் காலையில் அவள் அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒளித்துக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை; அம்மாவே முடிவு செய்யட்டும் என்று இருந்தது. ஆலையில் கொடுத்தது, பொங்கலுக்குத் தன் கை வழியாக அது அம்மாவுக்குள் போனது, இந்த மாத்திரை அதைக் கொன்றுவிடும் என்பது, ராக்கம்மா அத்தை கையிலிருந்த தழும்பு, ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது அழுகை வரும் என்று பயந்திருந்தாள். வரவில்லை. பதினான்கு நாளில் அழுது தீர்த்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டாள்.

பஞ்சவர்ணம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓர் ஆட்டை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவளைப்போல யோசித்தாள்.

“அதைப் போட்டா வேலு செத்தது மறுபடி வருமா?”

“வரும்மா.”

“இப்ப எனக்கு அவனையும் தேடல, ஒன்னையும் தேடல. அது தப்புன்னு தெரியுது. தப்புன்னு தோணல.” அட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “நீ சின்னதுல காச்சலாக் கெடந்தப்ப, ஒன்னையக் கேட்டுக்கிட்டா கசாயம் ஊத்துனேன்? பிடிச்சு வச்சு ஊத்துனேன். பெத்தவளுக்குத் தோணலைன்னா அது சீக்குதான். குடு, போடுறேன்.”

“பயமா இல்லையாம்மா?”

“பயம் எங்கிட்டு வருது? நாலு நாளு கழிச்சு வரும். அப்ப நீ கூட இரு. நான் தண்டவாளத்துப் பக்கம் போனா பிடிச்சுக்க. நான் கடிச்சாலும் விட்டுறாத.”

நாகஜோதி சரி என்றாள். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். பஞ்சவர்ணம் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஒரு நாளைக்கு மூன்று. இரண்டாம் நாள், வாயெல்லாம் இரும்பைச் சப்பியதுபோல இருக்கிறது, தோசை ருசியே தெரியவில்லை என்றாள். மூன்றாம் நாள் படத்தின் முன்னால் கொஞ்சம் நேரம் நின்றாள். நான்காம் நாள் சரியாகத் தூங்கவில்லை. நாகஜோதி இவற்றையெல்லாம் கவனித்து, ஆலையில் இழை பார்ப்பதுபோல எது எப்போது என்று மனதில் வரிசையாக வைத்துக்கொண்டாள். அம்மாவைப் பிடிக்க வேண்டிவந்தால் எந்தப் பக்கமாக ஓடுவாள் என்று பார்த்து, பின்வாசலுக்குப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டாள். மில்லிலிருந்து வார்டன் போன் செய்தபோது இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று சொன்னாள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். எதற்காக இதை ஆரம்பித்தோம் என்பதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

ஆறாம் நாள் காலை பஞ்சவர்ணம் வீடு கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றின் சத்தம் நின்றது. நாகஜோதி எட்டிப் பார்த்தபோது அம்மா படத்தின் கீழே உட்கார்ந்திருந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. பிறகு வந்தது. ராக்கம்மா அத்தை அடுப்பில் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து வாசலில் நின்றாள்.

“என்னடி செஞ்ச எங்க மதினிய?” என்று நாகஜோதியிடம் கேட்டாள். நாகஜோதி பின்வாசல் பூட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

நெடுநேரம் கழித்துப் பஞ்சவர்ணம் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கதவோரம் நின்ற மகளைப் பார்த்தாள். எழுந்து தடுமாறி வந்து, இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்தாள்.

“ஏத்தா... நீ எப்ப வந்த?”

“இருவது நாளாச்சும்மா.”

“எங்கண்ணு. எம்புட்டு எளைச்சுப் போயிட்ட. ஒரு போனு போடலையே நானு. நாலு மாசம் ஒரு வார்த்த கேக்கலையே ஒன்னைய.” அவள் மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் அழுதுகொண்டே நாகஜோதி கேட்டது இதைத்தான். அம்மாவின் கண்ணீர் தோளில் இறங்கி ரவிக்கையை நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. நாகஜோதி தனக்குள்ளும் ஏதோ கிளம்பும் என்று காத்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அம்மா தன் கையால் ஆக்கிப் போட்ட சோற்றைத்தான் இருபது நாளாகச் சாப்பிடுகிறோம் என்பது அப்போது அவளுக்குப் பட்டது. காற்றஞ்சி திரும்ப வந்து அவளுக்குள் குடியேறிவிட்டது. எப்போது என்றுகூட அவளால் சொல்ல முடிந்தது. மதியம்வரை தூங்கிய நாளாக இருக்கும். தெரிந்ததில் அவளுக்கு வருத்தம் இல்லை.

பஞ்சவர்ணத்துக்கும் தெரிந்துவிட்டது. அணைத்திருந்த உடம்பு பதிலுக்கு அணைக்கவில்லை. விலக்கிப் பிடித்து அந்த முகத்தைப் பார்த்தாள். நான்கு மாதமாகக் கண்ணாடியில் அவள் பார்த்த அதே முகம்தான். அவள் அலமாரிக்கு ஓடினாள். இரண்டாவது அட்டையில் ஐந்து மாத்திரைகள் மீதியிருந்தன. சொம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். அவசரத்தில் தண்ணீர் தரையில் சிந்தியது.

“போடுத்தா. பத்தலைன்னா கடையில போயி வாங்கியாறேன். போடு. என்னையப் பாரு.”

நாகஜோதி அம்மாவைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்களைப் பார்த்தாள், வாசலில் நின்ற ராக்கம்மா அத்தையைப் பார்த்தாள், பின்வாசல் பூட்டைப் பார்த்தாள். அம்மாவின் கையிலிருந்த சொம்பை மெதுவாக வாங்கினாள்.

“வேணாம்மா. ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு இருந்தா ஒலை யாரு வைக்கிறது?” என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரை அரிசியில் ஊற்றிக் களைய ஆரம்பித்தாள்.